பெர்ரிப் பழம்: அப்படியே கொடுப்பதா, உறைய வைப்பதா, அரைப்பதா, உலர்ந்ததை வாங்குவதா?

சீசன் வந்தால் பெர்ரிப் பெட்டியும் வீட்டுக்கு வந்துவிடும். குழப்பம் அதற்குப் பிறகுதான். கழுவி அப்படியே கொடுத்தால் பாதி வீணாகிறது. உறைய வைத்தால் சத்து போய்விடுமோ என்று பயம். அரைத்துக் கொடுத்தால் பிள்ளை மடமடவென்று குடித்துவிடுகிறது, ஆனால் அது பழம் தின்ற கணக்கில் வருமா என்று தெரியவில்லை. உலர்ந்த பாக்கெட் பள்ளிப் பைக்கு வசதி. அதில் சர்க்கரை எவ்வளவு என்று பலரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

"இந்த நாலில் எதில் சத்து அதிகம்?" என்று ஆரம்பித்தால் முடிவுக்கே வர முடியாது. புதுப்பழத்துக்கும் உறைந்த பழத்துக்கும் சத்தில் இருக்கும் வித்தியாசம் ஒரு குழந்தையின் ஒரு நாள் தேவைக்கு முன்னால் சின்னது. அமெரிக்கப் பரிந்துரைப்படி, ஒன்று முதல் மூன்று வயதுவரை ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி 15 மி.கி. நடுத்தர ஸ்ட்ராபெர்ரி மூன்று எடுத்தால் சுமார் 36 கிராம். அதிலேயே 20 மி.கி.க்குக் குறையாமல் கிடைத்துவிடும். வைத்திருந்ததில் கால்வாசி போனால்கூட அன்றைய கணக்கு நேராகிவிடும். முடிவைத் தீர்மானிப்பவை வேறு: குழந்தையின் வயது, பழம் வாயில் நுழையும்போது இருக்கும் வடிவம், வாங்கியதற்கும் தின்பதற்கும் இடையே கழியும் நேரம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் தொண்டை. நாலு வயது ஆகும்வரை மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். உருண்டையாக, வழுக்கலாக, அழுத்தினால் நசுங்காமல் இருக்கும் எதுவும் மூச்சுக்குழாயில் மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். ஒரே பழம் ஒரு வடிவத்தில் பத்திரமாகவும் இன்னொரு வடிவத்தில் ஆபத்தாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சர்க்கரை எப்படி உள்ளே போகிறது என்பது. முழுப்பழத்தின் சர்க்கரை அதன் திசுவுக்குள் அடைபட்டிருக்கிறது. மென்றுதான் வெளியே எடுக்க வேண்டும். பிழிந்தால் அது தளர்சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தளர்சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10%க்குக் கீழே இருக்க வேண்டும். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் இதில் சேரும். பிரிட்டனின் வரையறை இன்னும் ஒரு படி கறார்: அரைத்த கூழில், ஸ்மூத்தியில் இருப்பதையும் தளர்சர்க்கரை என்றே கணக்கிடுகிறார்கள்.

மூன்றாவது பசி தாங்குமா. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 60 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் 20 கலோரிகூட இல்லை. ப்ளூபெர்ரி என்றாலும் 35க்குள்தான். பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்குப் பெர்ரியை மட்டும் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

மீதி மூன்றும் வீட்டைப் பொறுத்தவை: எவ்வளவு வீணாகும், எவ்வளவு கைவேலை, எங்கே வைத்துத் தின்பார்கள்.

| | புதுப்பழம் | உறைந்தது | அரைத்தது | உலர்ந்தது |
|---|---|---|---|---|
| வயது | 6 மாதம் முதல், வயதுக்கேற்ற வெட்டில் | உருக்கியபின் 6 மாதம் முதல். கல்லாக இருந்தால் 4 வயதுக்குமேல் | 6 மாதம் முதல் | சவ்வுபோன்றது 4 வயதுக்குமேல். பொடித்த ஃப்ரீஸ் டிரைடு (உறைந்த நிலையிலேயே உலர்த்தியது) அதற்கு முன்பும் |
| சர்க்கரை | இயல்பானது | இயல்பானது | வேகமாக இறங்கும் | பெரும்பாலும் சேர்க்கப்பட்டது |
| மெல்லும் பழக்கம் | நன்றாக வரும் | ஓரளவு | வராது | வரும், ஆனால் பல்லில் ஒட்டும் |
| வீணாவது | அதிகம் | மிகக் குறைவு | குறைவு | இல்லை |
| கைவேலை | தினமும் கொஞ்சம் | ஒரே நாளில் மொத்தமாக | தினமும், மிக்ஸி கழுவுவது உட்பட | இல்லை |
| பள்ளிப் பை | கவனம் வேண்டும் | பெரிய பிள்ளைகளுக்குச் சரி | சிந்தும் | மிக வசதி |
| மறைந்திருக்கும் செலவு | பூஞ்சை, கறை | ஃப்ரீசர் இடம், கிருமி பயம் | அளவு தெரியாமல் போவது | சர்க்கரை, பல் |

## புதுப்பழம்

சீசனில் முதல் தேர்வு இதுதான். ருசி, மணம், கடிக்கும்போது உடைந்து சாறு தெறிப்பது எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளைக்குப் பழத்தின் மேல் ஆசை வரவழைக்கும். புதிய பழம் ஒன்றை ஏற்றுக்கொள்ளச் சில குழந்தைகளுக்குப் பத்து, பதினைந்து முறைகூட ஆகும். அத்தனை முறையும் அது பழமாகவே கண்ணில் பட வேண்டும்.

இதன் சிரமங்கள் கடையிலேயே தொடங்கிவிடும். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி மூன்றும் பறித்தபின் இனிப்பேறாது. வீட்டில் வைத்தால் பழுக்கும் என்று வெள்ளைத் தோள் தெரியும் ஸ்ட்ராபெர்ரியை வாங்கினால், அது புளிப்பாகவே இருந்து பிறகு அழுகும். பச்சைக் கொண்டைவரை சிவந்திருப்பதை எடுங்கள். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள்; ஈரக்கறை இருந்தால் உள்ளே எங்கோ நசுங்கியிருக்கிறது. ப்ளூபெர்ரிப் பெட்டியை லேசாகக் குலுக்கினால் பழங்கள் தனித்தனியாக உருள வேண்டும். ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் சில உடைந்துவிட்டன என்று பொருள். அதன் மேலிருக்கும் சாம்பல் பூச்சு மருந்து இல்லை; பழமே சுரக்கும் மெழுகு. அது இருந்தால் அதிகம் கைபடாத பழம்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழுவி அடுக்கி வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மேலே தங்கும் ஈரத்தில் சாம்பல் பூஞ்சை ஒரே இரவில் பரவும். தின்பதற்குச் சற்று முன்பு மட்டும் கழுவுங்கள். வந்த அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெட்டியைத் தட்டில் கொட்டி, பூஞ்சை பிடித்ததையும் அதை ஒட்டியிருந்ததையும் எறிந்துவிட்டு, நசுங்கியதைத் தனியே எடுத்து, மீதியை டிஷ்யூ விரித்த டப்பாவில் ஓரிரு அடுக்காகப் பரப்பி, மூடியை இறுக்காமல் ஃப்ரிட்ஜில் வைப்பது. மென்மையான பழத்தில் பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கொடுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதைவிட அது ஆழமாகப் போயிருக்கும்.

இப்படி வைத்தால் ராஸ்பெர்ரி ஒன்றிரண்டு நாள், பிளாக்பெர்ரி இரண்டு மூன்று நாள், ஸ்ட்ராபெர்ரி மூன்று முதல் ஐந்து நாள், ப்ளூபெர்ரி ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும்.

கழுவும்போது சோப்பு வேண்டாம். வடிதட்டில் போட்டு, மெல்லிய குழாய்த் தண்ணீரில் கால் நிமிடம் உருட்டினால் போதும். ஸ்ட்ராபெர்ரியைக் கொண்டையோடு கழுவிவிட்டு அப்புறம் கிள்ளுங்கள். கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஏறி ருசி நீர்த்துவிடும். ராஸ்பெர்ரி உள்ளே பொள்ளலாக இருப்பதால் குழாயின் வேகத்தைத் தாங்காது. கிண்ணத் தண்ணீரில் முக்கி எடுத்து, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி துணியில் கவிழ்த்து வையுங்கள். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து சில நிமிடம் ஊறவைப்பதும் பூஞ்சையைத் தள்ளிப்போட உதவும், ஆனால் இரண்டு முறை அலசி முழுக்க உலர்த்த வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் வினிகர் குளியலுக்குப் பிறகு பழம் முன்பைவிடச் சீக்கிரம் கெடும்.

இனி வெட்டு. குறுக்கே வெட்டிய வட்டத்தைக் கவனித்துப் பாருங்கள்: தடிமன்தான் குறைந்திருக்கிறது, விட்டம் அப்படியேதான் இருக்கிறது. தொண்டையை மூடுவது விட்டம். அதனால்தான் நீளவாக்கில் கீற வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்.

- 6 முதல் 12 மாதம்: நன்கு பழுத்த ஸ்ட்ராபெர்ரியை மசித்தோ மெல்லிய சீவலாகவோ கொடுக்கலாம். ப்ளூபெர்ரியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, தோல் கிழிந்து தட்டையாகும்வரை அழுத்துங்கள். ராஸ்பெர்ரியையும் அதுபோலவே. பிளாக்பெர்ரிக்கு நடுவில் கெட்டித் தண்டு இருப்பதால் மசிப்பதே நல்லது.
- 1 முதல் 4 வயது: ஸ்ட்ராபெர்ரி நீளவாக்கில் நான்காக. பெரிய ப்ளூபெர்ரி பாதியாக அல்லது நசுக்கி. பிளாக்பெர்ரியையும் கீறியே.
- 4 வயதுக்குமேல்: உட்கார்ந்து மென்று தின்னும் பிள்ளைக்கு முழுதாகவே.

இந்த வரிசையில் திராட்சையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாவரவியல்படி அதுதான் உண்மையான பெர்ரி. தக்காளியும் வாழைப்பழமும்கூட அப்படித்தான், ஸ்ட்ராபெர்ரி அந்தக் கணக்கிலேயே வராது. பெயர் எதுவானாலும், ஐந்து வயதுவரை திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டாமல் கொடுக்காதீர்கள். எந்த வயதானாலும் ஓடிக்கொண்டே, படுத்துக்கொண்டே, ஓடும் காரில் தின்பது கூடாது.

பசி தாங்க: 60 கிராம் பெர்ரியோடு சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிர் அரைக் கிண்ணம், ஒரு துண்டு பனீர், அல்லது மெல்லியதாகத் தடவிய கடலை வெண்ணெய். கடலை ஒவ்வாமை இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தயிரில் தேன் ஊற்றும் பழக்கம் ஒரு வயதுக்குள் அறவே கூடாது. சிசுக்களுக்கு வரும் பாட்டுலிசம் என்ற நஞ்சுக்கு அது வழி.

பள்ளி டப்பாவில் வெட்டிய ஸ்ட்ராபெர்ரி இடைவேளைக்குள் தன் சாற்றிலேயே மிதந்து கொழகொழக்கும். வெட்டிய பழத்தை வெளிச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கவும் கூடாது. 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். பெரிய பிள்ளைக்குக் கொண்டையோடு முழுதாக, நன்றாக உலர்த்தி, அடியில் டிஷ்யூ வைத்து அனுப்புங்கள். கொண்டையைப் பிடித்துக்கொண்டு கடிக்கலாம், கையும் சுத்தமாக இருக்கும்.

வாயைச் சுற்றிச் சிவப்பதைக் கண்டு பலர் ஸ்ட்ராபெர்ரியையே நிறுத்திவிடுகிறார்கள். பழம் பட்ட இடத்தில் மட்டும் சிவந்து, துடைத்தபின் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் அது பெரும்பாலும் புளிப்பின் எரிச்சல். அடுத்த முறை வாயோரம் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டுக் கொடுங்கள். உடம்பில் வேறு இடத்தில் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனை. இதைப் பிரித்தறிவதற்காகத்தான் புதுப் பெர்ரிகளை ஒன்று ஒன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அறிமுகப்படுத்த வேண்டும். முதல் நாளே நாலு பெர்ரியைக் கலந்து கொடுத்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

## உறைந்த பழம்

சத்தைப் பற்றிய பயத்தை விட்டுவிடலாம். மைனஸ் 18 டிகிரியில் வைட்டமின் சி மெதுவாகத்தான் குறையும். ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் வாடிய பழத்தைவிடப் பறித்த கையோடு உறைய வைத்த பழம் பல நேரம் மேல். உண்மையில் போவது மொறுமொறுப்புதான். பழத்துக்குள் இருக்கும் நீர் பனி ஊசிகளாக வளர்ந்து செல் சுவரைக் குத்திக் கிழிக்கிறது; உருகும்போது சாறு வெளியே வந்து பழம் தொய்ந்துவிடுகிறது. ஆறு வயதுப் பிள்ளை அதைப் பார்த்து முகம் சுளிக்கும். பத்து மாதக் குழந்தைக்கு அதுவே வசதி: உருகிய ராஸ்பெர்ரி ஈறிலேயே கரையும்.

உருகாத பழத்தின் கதை வேறு. ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ப்ளூபெர்ரி ஒரு கோலிக்குண்டு. வெயிலுக்குச் சில்லென்று இருக்கும் என்று சின்னக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் முந்தைய இரவே எடுத்து வைத்து உருக்குங்கள். மைக்ரோவேவில் ஒரு பக்கம் கொதித்து இன்னொரு பக்கம் பனியாக நிற்கும். உருகி வரும் சாற்றைக் கொட்டாமல் தயிரில் கலந்துவிடுங்கள்.

வாங்கிய உறைந்த பாக்கெட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உறைய வைப்பது கிருமியைக் கொல்லாது, அப்படியே தூங்க வைக்கிறது. 2015இல் ஆஸ்திரேலியாவில் இறக்குமதியான உறைந்த பெர்ரிக் கலவை வழியாக ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்று பரவியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இதுபோல நடந்திருக்கிறது. இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் குழந்தைக்குக் கொடுக்கிறோம், தடுப்பூசியும் போடவில்லை என்றால், கடைப் பாக்கெட்டை ஒரு நிமிடம் முழுக்கொதி விட்டு ஆறவைத்துக் கொடுப்பதே என் தேர்வு. அது கூழாகத்தான் வரும், வரட்டும். வீட்டில் கழுவி உறைய வைத்ததை, புதுப்பழத்தை நம்பும் அளவுக்கு நம்பலாம்.

வீட்டில் செய்யும் முறை: கழுவி, கொண்டை கிள்ளி, துணியில் பரப்பி ஒரு மணி நேரம் உலர விடுங்கள். ஈரம் இருந்தால் மேலே பனி படிந்து பழங்கள் பாறையாகும். பிறகு தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே அடுக்காக வைத்து, நாலு மணி நேரம் அல்லது இரவு முழுக்க ஃப்ரீசரில் விட்டு, கல்லானதும் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதி எழுதுங்கள். இந்தத் தட்டு வேலையைத் தாண்டி நேரே பையில் கொட்டியவர்கள், ஆறு பழம் வேண்டும்போது மொத்தக் கட்டியையும் சுவரில் மோதி உடைக்க வேண்டியிருக்கும். ஸ்ட்ராபெர்ரியைச் சின்னத் துண்டுகளாக்கி உறைய வைத்தால் சீக்கிரம் உருகும், ஆனால் வெட்டிய பரப்பு கூடுவதால் நிறமும் வைட்டமினும் சீக்கிரம் போகும். பாதியாக வெட்டுவது நடுவழி. ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அதன்பின் கெடாது, ஆனால் ஃப்ரீசர் வாசம் ஏறும்.

பள்ளிக்குப் போகும் பெரிய பிள்ளையின் தயிர் டப்பாவில் உறைந்த ப்ளூபெர்ரியைப் போட்டு அனுப்பினால், இடைவேளைக்குள் உருகி, அதுவரை தயிரையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

## அரைத்தது

மிக்ஸி நார்ச்சத்தை அழித்துவிடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. நார் துண்டாகிறது, காணாமல் போவதில்லை. அதை அழிப்பது வடிகட்டிதான். ராஸ்பெர்ரியின் நாரில் பெரும்பங்கு விதையில் இருக்கிறது. விதை பல்லில் மாட்டுகிறது என்று வடித்துவிட்டால், அந்தப் பழத்தை வாங்கிய காரணமே போயிற்று.

அரைப்பதன் உண்மையான குறை அளவிலும் வேகத்திலும் இருக்கிறது. கிண்ணத்தில் பத்துப் பழம் வைத்தால் குழந்தை ஏழோடு நிறுத்திக்கொள்ளும். அதே பத்தை அரைத்தால் நாலு மடக்கு. போதும் என்று வயிறு சொல்வதற்குள் டம்ளர் காலி. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் உறிஞ்சினால் அதைவிட மோசம்: பெர்ரியின் புளிப்பும் சர்க்கரையும் அவ்வளவு நேரமும் பல்லை நனைத்துக்கொண்டே இருக்கும். உறிஞ்சு குப்பியில் கொடுக்காமல் டம்ளரில் ஊற்றி, உட்கார வைத்துக் கொடுங்கள், அல்லது கெட்டியாக அரைத்து ஸ்பூனால்.

ஒருவருக்கான அளவு: ஸ்ட்ராபெர்ரி ஐந்து (60 கிராம்), கெட்டித் தயிர் 80 மி.லி. சர்க்கரை வேண்டாம், புளிப்பு தூக்கலாக இருந்தால் கால் வாழைப்பழம். பாலில் அரைத்து வைத்தால் பழத்தின் புளிப்பில் கொஞ்ச நேரத்தில் திரிந்ததுபோல் ஆகும், அதனால்தான் தயிர். மாவுக்கூட்டில் ஆப்பசோடா இருந்து, அதில் கலந்த ப்ளூபெர்ரி பச்சையாக மாறினால் பயப்பட வேண்டாம். அதன் நிறமி புளிப்பில் சிவக்கும், ஆப்பசோடா போன்ற காரப்பொருளில் நீலம், பச்சை என்று போகும். கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை.

நசுங்கிய பழம் மிஞ்சும் நாளுக்கும், காய்ச்சலில் எதையும் மெல்ல மறுக்கும் குழந்தைக்கும், இப்போதுதான் திட உணவு தொடங்கியவர்களுக்கும் அரைத்தது சரி. இரண்டு வயதுக்குப் பிறகும் தினமும் இதுவே என்றால், பழம் என்றாலே குடிப்பது என்று குழந்தை பழகிவிடும். உறிஞ்சு பாக்கெட்டில் விற்கும் கூழுக்கும் இது பொருந்தும்.

ஜூஸைத் தனிப் பிரிவாகக் கூட எடுக்கவில்லை. ஒரு டம்ளருக்குக் கால் கிலோ பழம் போகும், நார் சக்கையில் போகும். ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம், 1 முதல் 3 வயதுவரை நாளைக்கு 120 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017இல் சொன்னது.

## உலர்ந்தது

இரண்டு வேறு பொருள்கள் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

ஒன்று சவ்வுபோல் இழுபடும் வகை. உலர்ந்த கிரான்பெர்ரியைப் பாருங்கள்: 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் சர்க்கரை. பச்சைக் கிரான்பெர்ரியில் 4 கிராம்தான் இருக்கிறது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. பாகில் ஊறவைத்துத்தான் உலர்த்துகிறார்கள். உலர்ந்த ப்ளூபெர்ரியிலும் இது உண்டு. பாக்கெட்டின் பின்னால் பழத்துக்கு அடுத்து சர்க்கரை என்றோ பழச்சாற்று அடர்வு என்றோ இருந்தால் அதை மிட்டாய்க் கணக்கில் வையுங்கள். பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். நாலு வயதுக்குள் தொண்டையில் மாட்டும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

மற்றது ஃப்ரீஸ் டிரைடு. உறைந்த நிலையிலேயே நீரை ஆவியாக இழுத்துவிடுவதால் நிறமும் மணமும் வைட்டமின் சியில் பெரும்பகுதியும் நிற்கும். பொருள் பட்டியலில் பழம் மட்டும் இருக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரியில் 91% நீர், எனவே 10 கிராம் பாக்கெட் என்பது சுமார் 100 கிராம் பழம். காற்றுபோல் லேசாக இருப்பதால் 20 கிராம் பாக்கெட்டைப் பிள்ளை ஒரே மூச்சில் முடித்துவிடும். கால் கிலோவை நெருங்கும் பழம் அது, மாலையில் வயிறு இளகினால் காரணம் தெரிந்துகொள்ளுங்கள். திறந்த பாக்கெட் காற்றின் ஈரத்தைக் குடித்துச் சீக்கிரமே தோல்போல ஆகும். சின்னக் குழந்தைக்குப் பெரிய துண்டாக வேண்டாம், கையில் நொறுக்கித் தயிரில் தூவுங்கள்.

பயணம், ஃப்ரிட்ஜ் இல்லாத நாள், வழவழப்பைத் தொடவே மறுக்கும் பிள்ளை: இந்த மூன்றுக்கும் ஃப்ரீஸ் டிரைடு நல்ல வழி. கடைசி வகைப் பிள்ளைக்கு முதலில் மொறுமொறுப்பானது, பிறகு அதே பழம் பக்கத்தில் ஒரே ஒரு துண்டு புதிதாக, என்று நகர்த்தலாம்.

## எந்தப் பெர்ரி?

100 கிராமுக்குத் தோராயமாக:

| | வைட்டமின் சி (மி.கி.) | நார் (கிராம்) | சர்க்கரை (கிராம்) |
|---|---|---|---|
| ஸ்ட்ராபெர்ரி | 59 | 2 | 5 |
| ராஸ்பெர்ரி | 26 | 6.5 | 4.5 |
| பிளாக்பெர்ரி | 21 | 5 | 5 |
| மல்பெரி | 36 | 1.7 | 8 |
| ப்ளூபெர்ரி | 10 | 2.5 | 10 |

விளம்பரத்தில் முன்னால் நிற்பது ப்ளூபெர்ரி. அட்டவணையில் நார், வைட்டமின் சி இரண்டிலும் அது முதலிடத்தில் இல்லை. அதன் பலம் தோலில் உள்ள நீல நிறமியும், கெடாமல் நிற்பதும், வெட்டாமல் கொடுக்க முடியும் வயதில் அது தரும் சௌகரியமும். மலச்சிக்கலால் அவதிப்படும் குழந்தைக்கு ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி. சோறு, பருப்பு, கீரை போன்ற தாவர உணவிலிருந்து இரும்புச்சத்து ஏற வேண்டியவர்களுக்குச் சாப்பாட்டோடு நாலு ஸ்ட்ராபெர்ரி. வைட்டமின் சி அந்த இரும்பை உடல் ஏற்க உதவும். மல்பெரிதான் எல்லாவற்றிலும் சீக்கிரம் கசியும், கறைப்படுத்தும், மரத்தடியிலேயே தின்றுவிடுவது உத்தமம். சட்டையில் பட்டால் சோப்பை முதலில் தொடாதீர்கள், காரம் பட்டுக் கறை நீலமாக மாறும். பின்பக்கமிருந்து குளிர்ந்த தண்ணீர், பிறகு வினிகர், அப்புறம்தான் சோப்பு.

ப்ளூபெர்ரி தின்ற மறுநாள் மலம் கரும்பச்சையாகவோ கருநீலமாகவோ இருந்தால் அது நிறமிதான்.

## ஒரு பெட்டியைப் பிரிப்பது

மேலே உள்ளதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாலு வயதுப் பிள்ளை ஒன்று, ஒன்றரை வயது ஒன்று, அரைக் கிலோ ஸ்ட்ராபெர்ரி என்று வையுங்கள். வந்த அன்றே தட்டில் கொட்டிப் பிரித்தால் நசுங்கியது 50 கிராமாவது வரும். அது அன்று மாலையே தயிரோடு அரைக்கப்பட வேண்டும், நாளைக்கு என்றால் குப்பைதான். நல்லதில் 250 கிராம் அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு: பெரியவனுக்கு வேளைக்கு ஐந்து பழம், சின்னவளுக்கு மூன்று, நான்காகக் கீறி. மீதி 200 கிராமை அன்றே ஃப்ரீசர் தட்டில் வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் "இதை உறைய வைத்துவிடலாம்" என்று வாடியதை வைப்பவர்கள்தான் உறைந்த பெர்ரி நன்றாக இல்லை என்று சொல்வார்கள்.

நேரமே இல்லாத வீடு என்றால் ஸ்ட்ராபெர்ரியை விட்டு ப்ளூபெர்ரிக்கு மாறுங்கள். கிள்ளும் வேலையும் இல்லை, அவசரமும் இல்லை. ஃப்ரீசர் சின்னது என்றால் பெட்டியைச் சின்னதாக வாங்குங்கள். நான்காம் நாள் திறக்கும்போது மது வாசம் லேசாக அடித்தால் அந்தப் பெட்டியை அரைக்கவும் வேண்டாம், உறைய வைக்கவும் வேண்டாம். அடுத்த வாரம் பாதியளவு போதும்.